சீட்டு என்றாலே சூதா? கோபுரம் ஏறும் விளையாட்டுகளின் உள்ளமைப்பு

சீட்டு என்றதும் வன்னியில் இரண்டு காட்சிகள்தாம் மனதுக்கு வரும். ஒன்று, மத்தியான வெயிலுக்கு ஒதுங்கிய மரநிழலில் நாலு பேர் சுற்றியிருந்து ஆடும் முந்நூற்றிநாலு. மற்றது, ‘சூதாட்டத்தில் ஈடுபட்டவர்கள் கைது’ என்று உள்ளூர்ச் செய்தியில் வரும் மூன்று வரி. ஆகவே பிள்ளையின் கைத்தொலைபேசியில் ஐந்து சீட்டுகளும் பக்கத்தில் தங்கக் காசுக் கணக்கும் தெரிந்தால் வீட்டில் பதற்றம் எழுவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, 2024 டிசம்பரில் ‘பலாட்ரோ’ என்ற சீட்டு விளையாட்டு உலகெங்கும் விருதுகளை அள்ளியபோது, ஐரோப்பாவில் அது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரியில் அதே விளையாட்டு பன்னிரண்டு வயதுக்கு இறக்கப்பட்டது. தரம் பிரிப்பவர்களே தடுமாறும்போது பெற்றோர் தடுமாறாமல் என்ன செய்வார்கள்?

இந்த வகை விளையாட்டுகளுள் மிகவும் பெயர்பெற்ற ‘ஸ்லே த ஸ்பையர்’ என்பதை முன்வைத்து அவற்றின் உள்ளமைப்பை இங்கே விளக்கலாம். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். சூதில் முதலில் முடிவெடுக்கிறோம், பிறகு அதிர்ஷ்டம் வருகிறது. இங்கே முதலில் அதிர்ஷ்டம் வருகிறது, பிறகு முடிவெடுக்கிறோம். மற்ற எல்லா வேறுபாடுகளும் இந்த வரிசை மாற்றத்தை ஒட்டியே வருகின்றன.

இரண்டு பரம்பரைகள்

இந்த வகைக்கு ‘ரோக்லைக் டெக்பில்டர்’ என்று பெயர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விளையாட்டுப் பரம்பரைகள் கலந்ததால் வந்த இரட்டைப் பெயர் இது.

1. ரோக்லைக். 1980ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் மைக்கேல் டோய், கிளென் விக்மன் என்ற இரு மாணவர்கள் ‘ரோக்’ என்றொரு கணினி விளையாட்டை எழுதினார்கள். பின்னர் கென் ஆர்னல்ட் சேர்ந்துகொண்டார். படங்கள் கிடையாது. ஆட்டக்காரர் ஒரு எழுத்துக்குறி, அரக்கர்கள் ஆங்கில எழுத்துகள். அக்காலத்துச் சாகச விளையாட்டுகளை ஒருமுறை முடித்துவிட்டால் மறுமுறை ஆட ஒன்றும் மிஞ்சாது. எழுதியவருக்கோ முதல்முறைகூடச் சுவை இல்லை, எல்லாம் தெரிந்துவிடும். அதற்கு இவர்கள் கண்ட வழி, சுரங்க அறைகளை ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக அமைக்கும்படி விட்டது. கூடவே ஒரு கடுமையான விதி: செத்தால் செத்ததுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் பின்பற்றியவை எல்லாம் ‘ரோக் போன்றவை’ ஆயின. 2008இல் பெர்லினில் கூடிய ஒரு மாநாடு இந்த வகைக்கு வரைவிலக்கணமே எழுதியது. அதன்படி பார்த்தால் இன்றைய சீட்டு விளையாட்டுகள் பல ரோக்லைக்கே இல்லை. தூய்மைவாதிகள் இன்றும் இதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள். நமக்கு அந்த வழக்கு வேண்டியதில்லை.

2. டெக்பில்டிங். மேசையில் ஆடும் சீட்டு விளையாட்டிலிருந்து வந்தது. 1993இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ போன்றவற்றில், கடையில் வாங்கிச் சேர்த்த சீட்டுகளைக் கொண்டு வீட்டிலேயே தங்கள் சீட்டுக்கட்டை அமைத்துக்கொண்டு வந்து ஆடுவார்கள். காசுள்ளவர் கட்டு பலமாக இருக்கும். 2008இல் டொனால்ட் எக்ஸ். வக்கரினோ உருவாக்கிய ‘டொமினியன்’ இதைப் புரட்டிப் போட்டது. எல்லாரும் ஒரே மாதிரியான பத்துச் சீட்டுகளுடன் தொடங்குவார்கள். நடுவில் உள்ள பொதுக் குவியலிலிருந்து ஆட்டத்தினூடே சீட்டுகளை வாங்கிக் கட்டை வளர்ப்பார்கள். கட்டு அமைப்பதே ஆட்டமாகிவிட்டது. அதில் ஒரு குறும்பும் உண்டு. வெற்றிப் புள்ளி தரும் சீட்டுகள், கைக்கு வரும்போது வேறு எதற்கும் உதவாமல் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். இந்தக் குறும்பு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இரண்டையும் ஒட்டவைத்த முன்னோடி, 2014இல் பீட்டர் வேலன் வெளியிட்ட ‘டிரீம் குவெஸ்ட்’. படங்கள் பார்க்கச் சகிக்காது, ஆட்டமோ விடாது. அதன் பிறகு அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் அந்தனி ஜியோவனெட்டி, கேசி யானோ என்ற இருவர் ‘மெகா கிரிட்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி ‘ஸ்லே த ஸ்பையர்’ செய்தார்கள். 2017 நவம்பரில் அரைகுறை வடிவத்தில் விற்பனைக்கு வந்தது. 2019 ஜனவரியில் முழுமையானது. அதற்குப் பின் வந்த ‘மொன்ஸ்டர் டிரெய்ன்’ (2020), ‘இன்ஸ்கிரிப்ஷன்’ (2021), பலாட்ரோ (2024) எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதற்குக் கடன்பட்டவை.

கோபுரத்துக்குள் என்ன நடக்கிறது

கதை சிறியது. ஒரு மாயக் கோபுரம். அதன் அடிவாரத்தில் நியோ என்ற திமிங்கிலம் ஆட்டக்காரரை உயிர்ப்பித்து, ஏதாவது வரம் கொடுத்து மேலே அனுப்புகிறது. ஏற நான்கு பாத்திரங்கள் உண்டு: பேயிடம் ஆன்மாவை விற்ற போர்வீரன், நஞ்சில் தேர்ந்த வேட்டைக்காரி, தன்னுணர்வு பெற்ற இயந்திரம், கண் தெரியாத துறவி. கோபுரம் மூன்று பகுதிகளாக இருக்கிறது. மூன்று சாவிகளைச் சேர்த்துக்கொண்டு போனால் நான்காவதும் திறக்கும். அங்கே கோபுரத்தின் இதயமே எதிரி.

ஒவ்வொரு பகுதியின் வரைபடமும் தொடக்கத்திலேயே முழுமையாகக் காட்டப்படுகிறது. கிளை பிரிந்து சேரும் பாதைகள்; வழியில் சாதாரண எதிரி, வலிய எதிரி, கடை, ஓய்விடம், புதையல், என்ன வருமென்று தெரியாத கேள்விக்குறி. எந்தப் பாதையில் போவதென்று ஆட்டக்காரரே தீர்மானிக்கலாம். வலிய எதிரியை வென்றால் ‘அரும்பொருள்’ ஒன்று கிடைக்கும். அது அந்த ஆட்டம் முடியும்வரை கூடவே வரும்.

சண்டையின் விதிகளை இப்படிச் சுருக்கலாம்:

1. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து சீட்டுகள் கைக்கு வரும். மூன்று சக்திப் புள்ளிகள் கிடைக்கும். சீட்டை இறக்க அதன் விலையைச் சக்தியாகக் கொடுக்க வேண்டும்.

2. மிஞ்சும் சக்தி அடுத்த சுற்றுக்கு வராது. இறக்காத சீட்டுகள் கழிவுக் குவியலுக்குப் போகும். எடுக்கும் குவியல் தீர்ந்ததும் கழிவைக் குலைத்து மீண்டும் எடுக்கத் தொடங்கலாம். அதாவது பெரும்பாலான சீட்டுகள் தொலைவதில்லை, சுற்றிச் சுற்றி வரும்.

3. வாங்கிய அடி சண்டையோடு தீராது. உயிர்ப்புள்ளிகளின் இழப்பு அடுத்த சண்டைக்கும் தொடரும். இதுதான் ஒவ்வொரு சிறிய முடிவுக்கும் கனம் கொடுப்பது.

4. வென்றதும் மூன்று சீட்டுகள் காட்டப்படும். ஒன்றை எடுத்துக் கட்டில் சேர்க்கலாம். எதையும் எடுக்காமலும் விடலாம்.

நான்காவது விதியின் கடைசி வாக்கியத்தை முதன்முறை ஆடுபவர் யாரும் கவனிப்பதில்லை.

ஒரே ஒரு சுற்று, கிட்ட நின்று

போர்வீரன் 80 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்குகிறான். அவனுடைய கட்டில் பத்துச் சீட்டுகள்: தலா 6 அடி கொடுக்கும் ‘வெட்டு’ ஐந்து, தலா 5 தடுப்பு தரும் ‘காவல்’ நான்கு, 8 அடியோடு எதிரியை இரண்டு சுற்றுகளுக்குப் ‘பலவீனப்படுத்தும்’ மோதல் சீட்டு ஒன்று. பலவீனமான எதிரி மேல் விழும் அடி ஒன்றரை மடங்கு. வெட்டுக்கும் காவலுக்கும் விலை 1 சக்தி, மோதலுக்கு 2.

எதிரே பெருந்தாடைப் புழு, நாற்பதுக்குச் சற்று மேல் உயிர்ப்புள்ளிகள். அதன் தலைக்கு மேல் ஒரு வாள் குறியும் 11 என்ற எண்ணும் தெரிகின்றன. அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்பதை எதிரி முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. கையில் இரண்டு வெட்டு, இரண்டு காவல், மோதல். சக்தி மூன்று. வழிகள்:

1. இரண்டு காவலும் ஒரு வெட்டும். 10 தடுப்பு, ஆகவே நமக்கு 1 அடிதான். புழுவுக்கு 6. பாதுகாப்பான வழி, ஆனால் சண்டை இழுபடும்.

2. மோதலும் வெட்டும். முதலில் 8, பிறகு பலவீனத்தால் வெட்டு 9 ஆகிவிடும், மொத்தம் 17. நமக்கோ முழுதாக 11 விழும்.

3. மோதலும் காவலும். புழுவுக்கு 8. நமக்கு 6. ஆனால் அடுத்த சுற்றிலும் புழு பலவீனமாகவே இருக்கும். அப்போது கட்டில் மிஞ்சிய மூன்று வெட்டும் கைக்கு வரும், மூன்றையும் இறக்கினால் 27 அடி.

புதியவர் முதல் வழியை எடுப்பார், அடி படாதே என்பது இயல்பான அச்சம். கொஞ்சம் பழகியவரோ மூன்றாவதைப் பார்த்து வேறொன்றை நினைவுகூர்வார். போர்வீரன் தொடக்கத்திலேயே வைத்திருக்கும் அரும்பொருள், சண்டை முடிந்ததும் அவனுக்கு 6 உயிர்ப்புள்ளிகளைத் திருப்பிக் கொடுக்கும். முதல் சண்டைக்கு முழு உயிரோடு வந்தவன் 6 அடி வாங்கினால், முடிவில் அவன் இழந்தது ஒன்றுமில்லை. அடுத்த சுற்றுக்கான ஆதாயம் இலவசம். அதேசமயம், அந்தச் சுற்றில் புழு மறுபடி தாக்கினால் இந்தக் கணக்கு முறியும் என்பதையும் அவர் அறிவார்.

மூன்று சக்தி, ஐந்து சீட்டு, கூட்டல் கழித்தல் மட்டும். ஆறாம் வகுப்புக் கணக்குப் போதும். கடினமானது நாம் கொடுக்கும் அடி, நமக்கு விழும் அடி என்ற இரண்டு எண்களின் பெறுமதியை மதிப்பிடுவது.

அதிர்ஷ்டம் எந்தப் பக்கம் நிற்கிறது

சீட்டு வரும் வரிசை தற்செயல், வரைபடம் தற்செயல், கிடைக்கும் பரிசும் தற்செயல். அப்படியானால் இதில் திறமைக்கு என்ன வேலை? விளையாட்டு வடிவமைப்பாளர்கள் தற்செயலை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: முடிவுக்கு முன் வருவது, முடிவுக்குப் பின் வருவது.

வன்னி விவசாயிக்கு இந்தப் பிரிவினை புத்தகம் படிக்காமலே தெரியும். சிறுபோகத்துக்கு முன் கூடும் கூட்டத்தில் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கிறார்கள். மழை எவ்வளவு பெய்தது என்பது நம் கையில் இல்லை. ஆனால் அது ஏற்கெனவே பெய்து முடிந்துவிட்டது, அளந்து பார்க்கலாம். காலபோக மானாவாரி வேறு கதை. விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளத்தைப் போல ஒன்று வந்தால், எவ்வளவு கெட்டித்தனமாக விதைத்திருந்தாலும் பயனில்லை.

ஸ்லே த ஸ்பையர் பெரும்பாலும் முதல் வகை. ஐந்து சீட்டுகளும் கைக்கு வந்த பிறகு, எதிரியின் எண்ணமும் தலைக்கு மேல் தெரிந்த பிறகு, எந்தச் சீட்டை எந்த வரிசையில் இறக்குவது என்று யோசிக்கிறோம். நேரக் கட்டுப்பாடு கிடையாது. வெட்டு 6 என்றால் 6தான். குறி தவறிவிட்டது என்று கணினி சொல்லாது. இரண்டாம் வகைத் தற்செயலும் ஆங்காங்கே இருக்கிறது, பல எதிரிகளுள் எவர் மேல் விழும் என்று தெரியாத அடி போல. ஆனால் அப்படிப்பட்ட சீட்டை எடுப்பதும் விடுவதும் நம் விருப்பம்.

தகவலுக்கு இங்கே எவ்வளவு விலை என்பதைக் காட்ட ஓர் அரும்பொருள் போதும். பகுதித் தலைவனை வென்றதும் கிடைக்கக்கூடிய ‘ரூனிக் டோம்’, சுற்றுக்கு ஒரு சக்தி கூடுதலாகத் தருகிறது. மூன்று சக்தி நான்காக மாறுவது பெரிய வரம். ஆனால் அதை எடுத்தபின் எதிரியின் எண்ணம் தெரியாது. 11 விழுமா 30 விழுமா என்று ஊகிக்க வேண்டியதுதான். எதிரிகள் ஒவ்வொன்றின் பழக்கத்தையும் மனப்பாடமாக அறிந்த தேர்ந்தவர்கள் துணிந்து எடுப்பார்கள். மற்றவர்கள் கும்பிட்டு விட்டுவிடுவார்கள். அறிவு உள்ளவனுக்கு அது இனாம், அறியாதவனுக்குத் தண்டனை. இப்படி ஒரு பொருளைச் சூதாட்ட இயந்திரத்தில் வைக்க முடியாது. அங்கே அறிந்தவனும் அறியாதவனும் ஒன்றுதான்.

முந்நூற்றிநாலோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் விளங்கும். அதில் 32 சீட்டுகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று போகும் புள்ளிகள் நான்கு சாதிக்கும் சேர்ந்து 304. முதல் நாலு சீட்டு கைக்கு வந்த பிறகே கேள்வி (ஏலம்) கேட்கிறோம், ஆகவே அங்கும் அதிர்ஷ்டத்தில் ஒரு பகுதி முன்னால் வருகிறது. ஆனால் கட்டு மாறாது. எத்தனை ஆண்டு ஆடினாலும் அதே 32. கோபுர விளையாட்டில் கட்டையே நாம்தான் எழுதுகிறோம்.

வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்

இந்த விளையாட்டின் உயிர்நாடி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

பரிசாக வரும் சீட்டுகள் தொடக்கச் சீட்டுகளைவிடப் பலமானவை. ஆகவே வருவதையெல்லாம் சேர்த்துக்கொண்டால் கட்டு பலப்படும் என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள். பத்துச் சீட்டுக் கட்டில், சுற்றுக்கு ஐந்தாக எடுத்தால், ஒவ்வொரு சீட்டும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கைக்கு வரும். அருமையான ஒரு சீட்டு முதல் கையிலேயே இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. கட்டு இருபதானால் நான்கில் ஒன்று. முப்பதானால் ஆறில் ஒன்று. பெரும்பாலான சண்டைகள் சில சுற்றுகளிலேயே முடிந்துவிடும். முப்பது சீட்டுக்காரர் தம்முடைய அருமையான சீட்டைக் காணாமலே செத்துப்போவார்.

அதனால்தான் கடையில் சீட்டு வாங்குவதற்கு மட்டுமன்றி, இருக்கும் சீட்டை அகற்றுவதற்கும் காசு கேட்கிறார்கள். முதல்முறை 75 தங்கக் காசு. ஒவ்வொரு முறையும் 25 கூடும். தன் பொருளைத் தொலைக்கத் தானே காசு கொடுப்பது முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பலமற்ற ஒரு வெட்டை அகற்றினால் மிச்சமுள்ள ஒவ்வொன்றும் அடிக்கடி வரும் என்ற கணக்குப் பிடிபட்டதும், கடைக்குள் நுழைந்தவுடன் கை அந்த இடத்துக்கே போகும். எதிரிகளும் இதே தத்துவத்தை ஆயுதமாக்குகிறார்கள். சிலர் அடிப்பதற்குப் பதிலாக நம் கட்டுக்குள் ஒன்றுக்கும் உதவாத சீட்டுகளைச் செருகுகிறார்கள். டொமினியனில் பார்த்த அந்தக் குறும்பு இங்கே பகைவன் கைக்குப் போய்விட்டது.

மெலிந்த கட்டு மட்டும் போதாது. சீட்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். போர்வீரனின் மூன்று சீட்டுகளை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகச் சுற்று மாறியதும் தடுப்பு மறைந்துவிடும். ‘பேரிகேட்’ என்ற சீட்டு அதை மறையாமல் வைத்திருக்கும். ‘என்ட்ரெஞ்ச்’ இருக்கும் தடுப்பை இரட்டிப்பாக்கும். ‘பொடி ஸ்லாம்’ எவ்வளவு தடுப்பு இருக்கிறதோ அவ்வளவு அடி கொடுக்கும். பேரிகேட் தனியாக வந்தால் மூன்று சக்தியையும் தின்றுவிட்டு அந்தச் சுற்றில் ஒன்றும் செய்யாது. பொடி ஸ்லாம் தனியாக வந்தால் தடுப்பு இல்லாத நேரத்தில் அடி பூச்சியம். மூன்றும் சேர்ந்தால் 20 தடுப்பு 40 ஆகும், அது மறையாமல் நிற்கும், அதே 40ஐ எதிரி மேல் இறக்கலாம், மறுசுற்றில் 80. தற்காத்துக்கொண்டே கொல்லும் கட்டு.

ஆனால் இந்த மூன்றும் வரும் என்று காத்திருந்து ஆடுபவர் பெரும்பாலும் முதல் பகுதியிலேயே மடிவார். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இணையத்தில் ‘சிறந்த கட்டு’ என்று பட்டியல் பார்த்துவிட்டு வருபவர்கள் விழும் பள்ளம் இது. பரிசுச் சீட்டு முன்னால் வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ‘இது நல்ல சீட்டா’ என்பதன்று. அடுத்து வரப்போகும் எதிரியிடம் நான் எதனால் சாகப் போகிறேன், அதற்கு இது மருந்தா என்பதுதான். முதல் பகுதியில் பெரும்பாலும் விரைவாகக் கொல்லும் அடி வேண்டும். இரண்டாவதில் பல எதிரிகள் ஒன்றாக வருவார்கள். மூன்றாவதில்தான் நீண்ட திட்டங்கள் பலிக்கும்.

ஓய்விடத்திலும் இதே இழுபறி. ஒன்றில் தூங்கி மொத்த உயிரில் 30 வீதத்தை மீட்கலாம், அல்லது ஒரு சீட்டைப் பட்டை தீட்டிப் பலப்படுத்தலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. தேர்ந்தவர்கள் குற்றுயிராக இருந்தும் பட்டை தீட்டுவதைப் பார்த்தால் புதியவர்களுக்கு நெஞ்சு பதறும்.

இவ்வளவு சமநிலை தானாக வந்ததன்று. மெகா கிரிட் காரர்கள் தொடக்கத்தில் ‘நெட்ரன்னர்’ என்ற சீட்டு விளையாட்டின் கெட்டிக்காரர்களை அழைத்து ஆடவைத்தார்கள். அரைகுறை வடிவம் விற்பனைக்கு வந்த பிறகு எந்தச் சீட்டை எத்தனை பேர் எடுக்கிறார்கள், எடுத்தவர்கள் வெல்கிறார்களா தோற்கிறார்களா என்ற தரவுகளைத் திரட்டி எண்களைத் திருத்தினார்கள்.

சூதாட்டக் கேள்விக்கு வருவோம்

இலங்கையில் சூதாட்டம் பற்றிய பழைய சட்டம் 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அது சட்டவிரோதச் சூதாட்டத்தை வரையறுத்தபோது பார்த்தது சீட்டையோ காயையோ அன்று. பந்தயப் பொருள் வைத்து, பொதுமக்கள் வந்துபோகும் இடங்களில் ஆடப்படுகிறதா என்பதை. அதன்படி முந்நூற்றிநாலு ஆடுவது குற்றமாக இருக்கவில்லை, காசு வைத்து வீதியோரம் ஆடுவதே குற்றமாக இருந்தது. இந்தப் பழைய அளவுகோல் புதிய விளையாட்டுகளைப் பிரித்தறியவும் உதவுகிறது. மூன்று கேள்விகள் போதும்:

1. ஆட்டத்துக்குள் பணயம் வைக்கப்படுவது உண்மையான பணமா? ஸ்லே த ஸ்பையரின் தங்கக் காசு அந்த ஆட்டத்தோடு பிறந்து அதோடே அழிவது. வெளியே இருந்து வாங்கவும் முடியாது, வெளியே எடுக்கவும் முடியாது.

2. விளையாட்டை வாங்கிய பிறகும் தற்செயலான பரிசுக்காக மறுபடி மறுபடி பணம் கேட்கிறதா? இதில் ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது.

3. தோற்றால் பணத்தால் ஈடுசெய்யலாமா? முடியாது, புதிதாகத் தொடங்க வேண்டும்.

மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அது சூதில்லை. திரையில் எத்தனை சீட்டு தெரிந்தாலும் சரி.

இப்போது பலாட்ரோ குழப்பம் விளங்கும். அதிலும் பணயம் இல்லை, பணப்பரிசு இல்லை. ஆனால் அது ‘போக்கர்’ என்ற பணயச் சீட்டாட்டத்தின் சீட்டுச் சேர்க்கைகளைப் பயன்படுத்துகிறது. ஐரோப்பியத் தரப்படுத்தல் அமைப்பான பெகி, அந்தச் சேர்க்கைகளைக் கற்றுக்கொடுப்பதே சூதாட்டப் பயிற்சி என்று கருதி 18 போட்டது. அதே அமைப்பு, தற்செயலாக வீரர்கள் கிடைக்கும் பொதிகளைக் காசுக்கு விற்கும் ஒரு பெரிய காற்பந்து விளையாட்டுக்கு 3 வயது என்று போட்டிருந்தது. பலாட்ரோவை உருவாக்கியவர் இதைக் குத்திக்காட்டிக் கேலி செய்தார். மேன்முறையீட்டின் பின்னர் பலாட்ரோவும், சுழல் இயந்திர வடிவில் அமைந்த ‘லக் பீ எ லாண்ட்லோர்ட்’ என்ற இன்னொரு விளையாட்டும் 12 ஆயின. என் பார்வையில், பெகி அமைப்பு உருவத்தைப் பார்த்தது, உள்ளே பணம் ஓடும் வழியைப் பார்க்கவில்லை. பெல்ஜியம் 2018இலேயே மறுபக்கத்திலிருந்து வந்து, காசு கொடுத்துத் திறக்கும் தற்செயல் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்திருந்தது.

சூதில்லை என்பதால் தீங்கே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். தோற்றவுடன் எங்கே பிழைத்தது என்பது தெளிவாகத் தெரிவதால் ‘இன்னும் ஒன்று’ என்று கை தானாகப் போகும். வென்றவரையும் விடாது, கடினத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டும் இருபது நிலைகள் காத்திருக்கின்றன. பரீட்சைக் காலத்தில் இதற்கு எல்லை போடுவது வீட்டாரின் பொறுப்பு. ஆனால் ‘சூதாடுகிறாய்’ என்று திட்டி எல்லை போட்டால் பிள்ளை அந்தப் பேச்சையே மதிக்காது, ஏனென்றால் அது சூதில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

இங்கிருந்து ஆடுவது

இணைய வேகத்துக்கும் ரீலோட் செலவுக்கும் அஞ்சுபவர்களுக்கு இந்த வகை பொருத்தமானது. ஸ்லே த ஸ்பையர் இறங்கியபின் இணையம் இல்லாமலே ஓடும். கணினிக்கு 2 ஜிபி நினைவகமும் 1 ஜிபி இடமும் போதும் என்பதால் பழைய மடிக்கணினியும் தாங்கும். ஐபோனுக்கு 2020இலும் ஆண்ட்ராய்டுக்கு 2021இலும் வந்தது. நடுவில் மின்சாரம் போனால் அந்தச் சண்டையின் தொடக்கத்துக்கே திரும்புவீர்கள். அப்போது அதே சீட்டுகள் அதே வரிசையில் வரும். தற்செயல் எல்லாம் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணிக்கப்படுவதால் இப்படி. அந்த எண்ணை நண்பருக்குக் கொடுத்தால் அவருக்கும் அதே கோபுரம் அமையும். ஒரே கோபுரத்தை இருவர் ஏறிவிட்டு எங்கே பிரிந்தோம் என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

தடை பணம் கட்டுவதில்தான். வெளிநாட்டுக் கொடுப்பனவை ஏற்கும் வங்கி அட்டை வேண்டும். கணினி வடிவத்தின் முழு விலை 25 டொலருக்கு ஒரு சதம் குறைவு. ஆண்டில் சில தடவை பாதிக்கும் கீழே இறங்கும், அப்போது வாங்குவதே புத்தி. ‘இலவசமாக இறக்கலாம்’ என்று முகநூலில் வரும் கோப்புகளைத் தொட வேண்டாம். அதேபோல் கோபுரத்தையும் சீட்டையும் படமாகப் போட்டுவிட்டு உள்ளே தற்செயல் பெட்டி விற்கும் இலவச விளையாட்டுகளும் உண்டு. மேலே சொன்ன மூன்று கேள்விகள் அவற்றுக்குத்தான் கட்டாயம்.

இங்கிருந்து செய்வது

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த இளையோர் குறைவில்லை. முப்பரிமாண உலகம் கட்ட நூறு பேர் வேண்டும். சீட்டு விளையாட்டுக்கு இருவர் போதும் என்று மெகா கிரிட் காட்டிவிட்டது. முதல் விளையாட்டை அவர்கள் எழுதியது ஜாவா மொழியில், லிப்ஜிடிஎக்ஸ் என்ற இலவசக் கருவியைக் கொண்டு.

கருவியைத் தெரிவதிலும் அவர்களிடமிருந்து ஒரு பாடம் உண்டு. 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பாகத்தை முதலில் யூனிட்டி என்ற வணிகக் கருவியில் செய்துகொண்டிருந்தார்கள். 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம், விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்று திடீரென அறிவித்தது. மெகா கிரிட் பகிரங்கமாக எதிர்த்துவிட்டு, செய்த வேலையைத் தூக்கிக்கொண்டு கோடோ என்ற திறந்த மூலக் கருவிக்கு மாறியது. ஓராண்டு கழித்து யூனிட்டி அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது, போனவர்கள் திரும்பவில்லை. புதிதாகத் தொடங்குபவர் கோடோவிலேயே தொடங்கலாம். இலவசம், பின்னாளில் எவரும் பங்கு கேட்க மாட்டார்கள்.

உலகத்தை எங்கிருந்து எடுப்பது? இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஐரோப்பியச் சுரங்கம், பூதம், மந்திரவாதி என்றே சுற்றுகின்றன. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் எரிவதாகச் சொல்லப்படும் விளக்கு இருக்கிறது. அதை விதியாக மொழிபெயர்த்துப் பாருங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு சீட்டு, கையில் வேறு சீட்டுகள் எத்தனை கிடந்தாலும் அணையாது, ஆனால் அதை ஏற்ற அதற்கு முந்தைய சுற்றில் வேறொன்றை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். படம் வரைவது பிறகு. விதியில் கதை தெரிய வேண்டும்.

தொடங்கக் கணினிகூடத் தேவையில்லை. பழைய கலண்டர் அட்டையில் பத்துச் சீட்டு வெட்டி, வெட்டு 6, காவல் 5 என்று எழுதிக்கொள்ளலாம். எதிரிக்கு ஒரு தாள்: உயிர் 40, முதல் சுற்றில் 11, பிறகு பகடை உருட்டி மூன்று செயல்களுள் ஒன்று. செயலை உருட்டுவது சீட்டு இறக்குவதற்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் உருட்டி இன்னொரு முறையும் ஆடிப் பாருங்கள். அதே சீட்டு, அதே எண்கள், ஆனால் ஆட்டம் வேறாகிவிடும். பிறகு பரிசுச் சீட்டுகளை எழுதத் தொடங்கலாம். எழுதும் ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆட்டக்காரரிடம் காட்டுங்கள். எல்லாரும் எடுக்கும் சீட்டும் எவரும் எடுக்காத சீட்டும் திருத்தப்பட வேண்டியவை.